தலைக்குக் காசு, தலை நிக்கணும்

பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஆள் தேடினப்போ ஆனையூர்ல இருந்து ஒரு அண்ணன் வந்தார். வேலை ரொம்ப சுத்தம். மூணாவது நாள் சாயங்காலம் பிரஷ்ஷைக் கழுவிக்கிட்டே, "நாளைக்கு வரேலாது தம்பி, முகாம்ல செக்கிங்" அப்படின்னார். பொங்கலுக்கு நாலு நாள்தான் பாக்கி. எனக்கு எரிச்சல். "வீட்ல வேற யாராவது நின்னா ஆகாதாண்ணே?"ன்னு கேட்டுட்டேன். சிரிச்சார்.

"தலைக்குத்தானே தம்பி காசு. தலை நிக்கணும்."

அதைப் பிடிச்சுக்கிட்டு கொஞ்சம் வரலாறு தோண்டினதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க மக்கா.

அவர் தாத்தா மேலூர் பக்கத்துக்காரர். வெள்ளைக்காரன் காலத்துல கங்காணி பின்னாடி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். அப்பா அங்கயே பிறந்து, 1977 கலவரத்துக்கு அப்புறம் மலையை விட்டு வவுனியாப் பக்கம் இறங்கினவர். இவர் 1990-ல சின்னப் பையனா படகுல ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாம் வழியா மதுரைக்கு வந்தார். இப்ப இருக்கிற இடத்துல இருந்து தாத்தா ஊருக்கு பஸ்ல ஒரு மணி நேரம்தான். ஆனா பதிவேட்டுல இவர் வெளிநாட்டவர்.

வெளிநாட்டவர்னா உலகம் பூரா ஒரு கேள்வி உண்டு: "உன் சோத்துக்கு நீயே வழி பண்ணிக்குவியா?" அமெரிக்காவுல 1882 சட்டத்துலயே, அரசாங்கத்துக்குச் சுமையா ஆகக்கூடியவங்களை உள்ளே விடாதேன்னு போட்டுட்டாங்க. லண்டன் போன நம்ம பசங்க விசாவுல 'பொது நிதியில் உரிமை இல்லை'ன்னு எழுதியிருக்கிறதைப் பார்த்திருப்பீங்க. அரசாங்க உதவித்தொகை பக்கம் வராதேன்னு அர்த்தம்.

இந்தக் கேள்வியைத்தான் அண்ணனோட தாத்தா தலைமுறைகிட்ட இலங்கை கேட்டது. 1948 குடியுரிமைச் சட்டத்தால தோட்டத் தொழிலாளர்கள்ல பெரும்பாலானவங்க நாடற்றவங்களா ஆனாங்க. 1949-ல இந்திய, பாகிஸ்தானியக் குடியிருப்பாளர்களுக்குன்னு தனியா ஒரு குடியுரிமைச் சட்டம் வந்தது. கல்யாணமானவங்கன்னா 7 வருஷம், ஆகாதவங்கன்னா 10 வருஷம் தொடர்ந்து அங்க இருந்ததுக்கு ஆதாரம் கேட்டாங்க. கூடவே, தன்னையும் தன்னை நம்பினவங்களையும் காப்பாத்துற அளவுக்கு நிச்சயமான வருமானமோ தொழிலோ இருக்கணும்னு ஒரு நிபந்தனை. யார்கிட்ட கேக்குறாங்க பாருங்க! அந்த நாட்டோட ஏற்றுமதிக் காசுல பெரும்பங்கு இவங்க பறிச்ச கொழுந்துல வந்தது.

சுமார் 8 லட்சம் பேருக்காக விண்ணப்பம் போச்சு. கிடைச்சது ஒண்ணரை லட்சத்துக்கும் கம்மி. 1964-ல சிறிமாவோவும் சாஸ்திரியும் உட்கார்ந்து, 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்குன்னு பிரிச்சாங்க. இன்னொரு ஒண்ணரை லட்சம் பேரை அப்புறம் பார்த்துக்கலாம்னு விட்டாங்க.

சரி, மதுரைக்கு வருவோம். 1983 ஜூலைக்கு அப்புறம் அலை அலையா மக்கள் வந்தாங்க. மதுரை மாவட்டத்துல ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர்னு முகாம்கள். இந்தியாவுல அகதிகளுக்குன்னு தனிச்சட்டம் கிடையாது. 1951 சர்வதேச ஒப்பந்தத்துலயும் நாம கையெழுத்துப் போடல. அதனால நடைமுறையில ரெண்டு வழி உருவாச்சு.

ஒண்ணு வெளிப்பதிவு. கையில காசோ, வெளிநாட்டுல சொந்தமோ இருந்தா போலீஸ் ஸ்டேஷன்ல பதிஞ்சுட்டு வாடகை வீட்டுல இருந்துக்கலாம். மாசாமாசம் உதவித்தொகை கிடையாது, முகாம் அரிசி கிடையாது. இன்னொண்ணு முகாம். உதவி உண்டு, செக்கிங்கும் உண்டு. 2021 கணக்குப்படி 108 முகாம்கள்ல சுமார் 58 ஆயிரம் பேர், வெளிப்பதிவுல சுமார் 34 ஆயிரம் பேர்.

உதவின்னா எவ்வளவுன்னு பாருங்க. 2006 வரைக்கும் குடும்பத் தலைவருக்கு மாசம் 200 ரூபா, மத்த பெரியவங்களுக்கு 144, முதல் குழந்தைக்கு 90, அடுத்த குழந்தைகளுக்கு 45. அரிசி கிலோ 57 பைசா. 2006-ல தொகை இரட்டிப்பாச்சு. 2011-ல 1000, 750, குழந்தைக்கு 400. 2021-ல 1500, 1000, 500. அதே வருஷம் 'அகதிகள் முகாம்'ங்கிற பேரும் 'மறுவாழ்வு முகாம்'னு மாறுச்சு.

புருஷன், பொண்டாட்டி, ரெண்டு சின்னப் பிள்ளைங்கன்னா மாசம் 3500. அண்ணனுக்கு அது நாலு நாள் கூலி. ஒரு காலத்துல நானும் "சும்மா உக்காந்து வாங்குறாங்க"ன்னு டீக்கடையில பேசினவன்தான். நாலு நாள் கூலியில மாசத்தை ஓட்ட முடியுமான்னு ஒரு தடவையாவது கணக்குப் போட்டிருக்கணும். மிச்ச நாளெல்லாம் அவங்க மதுரைக்காரங்க வீடுகளுக்குச் சுண்ணாம்பும் பெயிண்ட்டும் அடிச்சுத்தான் சாப்பிடுறாங்க.

"அப்ப வெளிப்பதிவுக்குப் போயிரலாமேண்ணே?"ன்னு கேட்டேன்.

"மழை மாசம் வேலை இருக்காது தம்பி. அட்வான்ஸ் யார் குடுப்பா? அம்மாவுக்கு பென்சனும் முகாம்லதான்."

அதாவது சொந்தக்கால்ல நின்னா உதவி போயிடும். உதவி வேணும்னா வெளியூர்ல பெரிய காண்ட்ராக்ட் எடுக்க முடியாது, செக்கிங்குக்கு ஓடி வரணும். இதுல எவ்வளவு அழுத்தம் இருக்குன்னு நமக்குத் தெரியறதில்ல. 2016 மார்ச்சுல உச்சப்பட்டி முகாம்ல, கணக்கெடுப்பு அன்னைக்கு, மகனோட வருகைப்பதிவு பத்தின வாக்குவாதத்துக்கு அப்புறம் ஒருத்தர் உயிரையே விட்டார். பேப்பர்ல படிச்சேன். ரெண்டு நாள்ல மறந்தும் போனேன்.

2019 ஜூன்ல நம்ம மதுரை ஹைகோர்ட் கிளையில நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், இந்திய வம்சாவளியான 65 மனுதாரர்களோட குடியுரிமை விண்ணப்பத்தைப் பரிசீலிக்கச் சொன்னார். அதே வருஷக் கடைசியில வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்துல இலங்கை பேரே இல்ல. 2025 செப்டம்பர்ல, 2015 ஜனவரி 9-க்கு முன்னாடி வந்து பதிவு பண்ணின இலங்கைத் தமிழர்கள் மேல, பாஸ்போர்ட் விசா இல்லாததுக்குத் தண்டனை நடவடிக்கை கிடையாதுன்னு மத்திய அரசு விலக்கு குடுத்தது. ஜெயில் பயம் போச்சு, அந்த அளவுக்குச் சந்தோஷம். ஆனா அது குடியுரிமை இல்ல.

செக்கிங் முடிஞ்ச மறுநாள் காலையில ஆறரைக்கே அண்ணன் வந்து நின்னார். ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் அடிச்சு, போகிக்கு முந்தின நாள் வேலையை முடிச்சுக் குடுத்துட்டார். விட்ட ஒரு நாள் கூலியையும் சேர்த்துக் குடுத்தேன். எண்ணிப் பார்த்துட்டு அதை மட்டும் திருப்பிக் குடுத்தார்.

"வேலை செய்யாத நாளுக்கு எதுக்கு தம்பி?"

உங்க ஊர்ப் பக்கமும் ஒரு முகாம் இருக்கும். எங்க இருக்குன்னு தெரியுமா?