எல்லைப்புற வழக்காறுகளும் சமூக ஊடகக் கொத்துக்குறிகளும்: இடுக்கி, பாலக்காட்டுப் பகுதிகளை முன்வைத்து (2011–2021)

முன்னுரை

1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் ஆகிய பகுதிகள் கேரளத்தில் இடம்பெற்றன. முதலிரண்டும் இன்று இடுக்கி மாவட்டத்திலும், சித்தூர் பாலக்காடு மாவட்டத்திலும் உள்ளன. தமிழ் பேசும் தோட்டத் தொழிலாளரும் உழவரும், தமிழோடு நெருங்கிய மொழிகளைப் பேசும் பழங்குடியினரும் வாழும் எல்லைப்புறம் இது. ஐம்பதுகளில் இப்பகுதி குறித்த வழக்கு பொதுக்கூட்டம், துண்டறிக்கை, முழக்கம் ஆகியவற்றின் வழி நடந்தது. 2010களில் அவற்றோடு சமூக ஊடகமும் சேர்ந்தது. முழக்கத்தின் இடத்தைப் பெருமளவு கொத்துக்குறி பெற்றது. ஒரே பொருளுக்கு இரு மொழிகளில் இரு பெயர்கள் வழங்கும் எல்லைப்புறத்தில் இக்கருவி யாரை ஒன்றுசேர்த்தது, யாரை வெளியே நிறுத்தியது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கொத்துக்குறியின் தோற்றமும் இயல்பும்

ஒரு சொல்லின் முன் # என்னும் குறியை இட்டு, அச்சொல் இடம்பெறும் பதிவுகள் அனைத்தையும் ஓரிடத்தில் திரட்டும் முறையே ஹேஷ்டேக் ஆகும். இதற்குக் கொத்துக்குறி என்னும் ஆக்கச்சொல் இணையத்தமிழில் வழங்குகிறது. டுவிட்டரில் இம்முறையை 2007 ஆகஸ்டு 23 அன்று கிறிஸ் மெசினா முன்மொழிந்தார். 2009இல் அந்நிறுவனம் கொத்துக்குறிகளைச் சுட்டிகளாக மாற்றியது. முகநூல் 2013 ஜூனில் இவ்வசதியை ஏற்றது. டுவிட்டர் 2023இல் எக்ஸ் எனப் பெயர் மாறிய பின்னும் கொத்துக்குறி நிலைத்திருக்கிறது.

இக்கருவியின் மூன்று இயல்புகள் இங்குக் கருதத்தக்கன. முதலாவது, சொல்லிடை வெளி வந்தால் குறி அறுந்துவிடும். எனவே தொடரை ஒரே சொல்லாகச் சேர்த்தெழுத வேண்டும், அல்லது அடிக்கோட்டால் இணைக்க வேண்டும். இரண்டாவது, எழுத்து வேறுபட்டால் குறியும் வேறாகிவிடும். பொருள் ஒன்றாயினும் கருவி அதனை அறியாது. மூன்றாவது, குறியை ஆதரிப்பவரும் மறுப்பவரும் ஒரே குறியை இட்டால் இருவர் பதிவும் சேர்ந்தே எண்ணப்படும்.

தொடக்கத்தில் டுவிட்டர் இலத்தீன் எழுத்துக் குறிகளையே ஏற்றது. 2011இல்தான் சப்பானியம், கொரியம் முதலியவற்றின் எழுத்துகளுக்கு இடம் கிடைத்தது. இந்திய எழுத்துகளுக்கு அதன் பின்னரே வாய்ப்பு அமைந்தது. 2011 சனவரியில் தமிழக மீனவர் கொலைகளைக் கண்டித்துத் தமிழ் இணையப் பயனாளர்கள் பரப்பிய ‘டிஎன்பிஷர்மேன்’ என்னும் குறி இலத்தீன் எழுத்தில் அமைந்ததற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

தொகை மரபும் கொத்துக்குறியும்

சொல்லொப்புமை கொண்டு தொகுக்கும் முறை தமிழுக்குப் புதிதன்று. ஐங்குறுநூற்றின் குறிஞ்சிப் பகுதியில் அமைந்த அன்னாய் வாழிப்பத்து, அன்னாய்ப்பத்து, அம்மவாழிப்பத்து, தெய்யோப்பத்து ஆகியவை திரும்பத் திரும்ப வரும் சொல்லால் பெயர் பெற்றவை. சேர நாட்டோடு தொடர்புடைய இந்நூலைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார். தொகுப்பித்தவன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை.

இவ்வொப்புமையோடு ஒரு வேற்றுமையும் உண்டு. தொகைநூலில் பொருளறிந்த புலவர் ஒருவர் பாக்களைத் தேர்ந்து அடுக்கினார். எழுத்து சிறிது திரிந்தாலும் அவர் அதனை இனங்கண்டு உரிய இடத்தில் வைத்திருப்பார். கொத்துக்குறியில் தொகுப்பவர் என ஒருவர் இல்லை. எழுதுவோரே தம் பதிவைத் தொகையில் சேர்க்கின்றனர். இயந்திரம் எழுத்தொப்புமை ஒன்றையே பார்க்கிறது. ஆகவே பெயரின் எழுத்து வடிவம் எவருடைய வழக்கைத் தழுவியது என்பது முதன்மை பெறுகிறது.

அணையின் பெயர்

1886 அக்டோபர் 29 அன்று செய்துகொள்ளப்பட்ட 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தத்தின்படி, பென்னிகுயிக் தலைமையில் கட்டப்பட்டு 1895இல் நிறைவுற்ற அணை இடுக்கி மாவட்டத்தில் உள்ளது. அதன் நீர் தேனி, மதுரை முதலிய மாவட்டங்களுக்குப் பாய்கிறது. தமிழில் இது முல்லைப்பெரியாறு, மலையாளத்தில் முல்லப்பெரியார். தமிழின் ஈற்று ஐகாரம் மலையாளத்தில் அகரமாதல் மலை – மல, தலை – தல எனப் பொதுவாகக் காணப்படும் திரிபே. மலையாள ஒலிப்பை அப்படியே தமிழெழுத்தில் எழுதினால் ஆறு மறைந்து ‘பெரியார்’ என்னும் வேறு பொருள் தோன்றுவதும் நோக்கத்தக்கது.

இலத்தீன் எழுத்தில் நிலைபெற்ற வடிவம் மலையாள ஒலிப்பைத் தழுவியதாகும். நீர்மட்டத்தை 142 அடியாக உயர்த்த இசைவளித்த 2006 பிப்ரவரி 27ஆம் நாள் தீர்ப்பிலும், அதனை உறுதிசெய்த 2014 மே 7ஆம் நாள் அரசியல் சாசன அமர்வின் தீர்ப்பிலும் அவ்வடிவமே உள்ளது.

2011 நவம்பர், டிசம்பர் மாதங்களில் அணை குறித்த பதற்றம் உச்சமடைந்தபோது முகநூலில் கொத்துக்குறி இல்லை. ஒரு பக்கத்திலோ குழுவிலோ சேர்ந்தவர் தம்முள் பேசிக்கொள்ளும் நிலையே அங்கு இருந்தது. 2021 அக்டோபரில் நிலை வேறு. பெருமழையால் அணையின் நீர்மட்டம் உயர்ந்தபோது அணையைச் செயலிழக்கச் செய்யக் கோரும் ‘டிகமிஷன் முல்லப்பெரியார் டேம்’ என்னும் ஆங்கிலக் குறி பரவியது. மலையாள நடிகர் பிரித்விராஜ் அக்கருத்தை ஆதரித்து எழுதியதும் தேனியில் எதிர்ப்புப் போராட்டம் நடந்தது. அக்டோபர் 25 அன்று கேரள முதலமைச்சர் பினராயி விஜயன், அணைக்கு உடனடி ஆபத்து இல்லை என்றும் சமூக ஊடகங்களில் பீதி பரப்புவோர்மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்றும் சட்டமன்றத்தில் அறிவித்தார். அக்டோபர் 29 அன்று மதகுகள் திறக்கப்பட்டன.

இவ்விவாதத்தில் தமிழ் வழக்கில் எழுதியவருக்கு இருவழிகளே இருந்தன. முல்லைப்பெரியாறு எனத் தம் எழுத்தில் குறியிட்டால் அது மறுதரப்பின் கண்ணில் படாது. ஆங்கிலக் குறியை இட்டு மறுத்தால் தாம் மறுக்கும் கோரிக்கையின் எண்ணிக்கையே பெருகும். இருதரப்பும் உரையாடுவதற்குரிய பொதுப்பெயர் ஒன்று கருவியில் இல்லை. அணைக்குக் கீழே வண்டிப்பெரியாறு முதலிய இடங்களில் வாழும் தமிழர் அணையின் பாதுகாப்பு குறித்த அச்சத்தைக் கேரள மக்களோடும், மொழியைத் தமிழக மக்களோடும் பகிர்ந்துகொள்பவர்கள். அவர்தம் இருநிலையைச் சுட்டும் குறி எத்தொகையிலும் அமையவில்லை.

பெம்பிளை ஒருமை

2015 செப்டம்பரில் மூணாற்றில் கண்ணன் தேவன் மலைத்தோட்ட நிறுவனத்தின் பெண் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தனர். முந்தைய ஆண்டைவிடக் குறைத்து அறிவிக்கப்பட்ட 10 விழுக்காட்டு ஊக்கத்தொகையே உடனடிக் காரணம். கொச்சி – தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலை மறிக்கப்பட்டது. தொழிற்சங்கத் தலைவர்களைத் தம் போராட்டக் களத்தில் அவர்கள் அனுமதிக்கவில்லை. செப்டம்பர் 13 அன்று ஊக்கத்தொகையும் கருணைத்தொகையும் சேர்த்து 20 விழுக்காடு வழங்க உடன்பாடு ஏற்பட்டது. 232 ரூபாயாக இருந்த நாட்கூலியை 500 ரூபாயாக உயர்த்தும் கோரிக்கை தொடர்ந்தது. அக்டோபரில் 301 ரூபாய் என முடிவாயிற்று.

இப்பெண்கள் தம் கூட்டமைப்பிற்கு இட்ட பெயர் பெம்பிளை ஒருமை. பெண்பிள்ளை என்பதன் பேச்சு வழக்கே பெம்பிளை. ஒருமை என்பது தமிழிலக்கணத்தில் எண் குறித்த சொல்; மலையாளத்தில் ‘ஒரும’ ஒற்றுமையைக் குறிக்கும். பலர் கூடிய கூட்டத்திற்கு ஒருமை எனப் பெயர் அமைந்தது இரு மொழிகளும் கலந்து வழங்கும் தோட்டத்து வாழ்வின் விளைவு எனலாம். மலையாள நாளிதழ்கள் இப்பெயரைப் பெம்பிளை ஒருமை என ஐகார ஈறு கெடாமலே எழுதின என்பது இங்குச் சிறப்பாகக் குறிக்கத்தக்கது. அணையின் பெயரில் மறைந்த ஐகாரம் இப்பெண்களின் பெயரில் நிலைத்தது. இப்பெயர் சாலையில் கூடி நின்றவர்களின் வாயிலிருந்து பிறந்தது. இதழ்களும் தொலைக்காட்சிகளும் அதனை அவ்வாறே ஏற்கவேண்டியதாயிற்று.

எனினும் கொத்துக்குறியாக இது திரளவில்லை. பெம்பிளை, பொம்பிளை, பெண்பிளை எனப் பலவாறு ஒலிக்கப்பட்ட சொல், லகர ளகர வேறுபாடு காட்டாத இலத்தீன் எழுத்தில் மேலும் பல வடிவங்களாயிற்று. ஒவ்வொன்றும் தனிக்குறியாகச் சிதறியது. பேச்சுவழக்கிற்கு உயிர் தரும் நெகிழ்ச்சியே கருவியின் முன் குறையாயிற்று.

அட்டப்பாடியும் பெட்டிமுடியும்

பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடியில் 2018 பிப்ரவரி 22 அன்று, உணவுப்பொருள் திருடியதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட மது என்னும் பழங்குடி இளைஞர் அடித்துக் கொல்லப்பட்டார். தாக்கியவர்கள் எடுத்த படங்களே சமூக ஊடகங்களில் பரவி, நீதி கோரும் ஆங்கிலக் குறியின் கீழ்ப் பெருந்திரளைக் கூட்டின. 2023 ஏப்ரலில் 14 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. குறி பயனற்றதன்று என்பதற்கு இது சான்று. ஆயினும் இருளர், முடுகர், குறும்பர் ஆகியோரின் பேச்சுமொழிகள் தமக்கென எழுத்தில்லாதவை. அவர்களுக்காக எழுந்த குறி அவர்கள் மொழியில் அமைந்திருக்க இயலாது.

2020 ஆகஸ்டு 6 இரவில் மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் நிலச்சரிவு தோட்டத் தொழிலாளர் லயங்களை மூடியது. 70 பேர் மாண்டனர். மழையால் மின்சாரமும் தொலைத்தொடர்பும் அற்றிருந்த அவ்விடத்திலிருந்து மறுநாள் காலையில்தான் செய்தி வெளிவந்தது. அன்று மாலையே கரிப்பூரில் வானூர்தி விபத்து நேர்ந்தது. வானூர்தி விபத்தில் இறந்தோர் குடும்பத்திற்குக் கேரள அரசு 10 இலட்சமும் பெட்டிமுடிக் குடும்பங்களுக்கு 5 இலட்சமும் அறிவித்தது கடும் கண்டனத்திற்கு உள்ளாயிற்று. ஓர் இரவு முழுவதும் பெட்டிமுடி என்னும் பெயரை வெளியுலகிற்கு எழுதுவதற்குரிய வழி அங்கிருந்தவர்க்கு இல்லாதிருந்தது. எழுத்து வடிவச் சிக்கலுக்கும் முற்பட்ட சிக்கல் இது.

முடிவுரை

கொத்துக்குறி பொருளால் அன்றி எழுத்தால் தொகுக்கும் கருவி. நிலைபெற்ற எழுத்து வடிவமும் தடையற்ற தொடர்பும் உடையவர் அதனால் எளிதில் திரள்கின்றனர். முல்லைப்பெரியாற்றில் ஒரு பெயரின் இரு வடிவங்கள் இரு திரள்களாகப் பிரிந்து நின்றன. மூணாற்றில் பெண்களின் பெயர் களத்தில் வென்று கருவியில் சிதறியது. அட்டப்பாடியில் பிறர் மொழியில் நீதி கோரப்பட்டது. பெட்டிமுடியில் பெயர் வெளிவரவே ஓர் இரவு கழிந்தது.

இதில் ஆய்வாளருக்குரிய கடமை ஒன்றுண்டு. சமூக ஊடகப் பதிவுகள் இக்கால வரலாற்றின் மூலச்சான்றுகளாகிவிட்டன. ஒரு குறியை மட்டும் இட்டுத் தேடுபவருக்கு அவ்வடிவத்தில் எழுதியவர்களே வரலாறாகத் தோன்றுவர். பாடவேறுபாடுகளைத் தொகுத்து ஒப்பிடும் பயிற்சி சுவடிப் பதிப்பு மரபுவழித் தமிழாய்வுக்கு உண்டு. ஊர்ப்பெயர், அமைப்புப்பெயர், மக்கட்பெயர் ஆகியவற்றின் தமிழ், மலையாள, இலத்தீன் வடிவங்கள் அனைத்தையும் பாடவேறுபாடுகளாகக் கொண்டு தேடித் தொகுத்தாலன்றி எல்லைப்புற மக்களின் சொற்கள் தொகைக்கு வெளியிலேயே நின்றுவிடும்.