அகீக் மணியும் அதைத் தீட்டிய கையும்

உத்திரமேரூரில் கி.பி. 921இல் பொறிக்கப்பட்ட சோழர் கல்வெட்டு, பொன்னைக் கவனிக்கப் பொன்வாரியம் இருந்தமையைக் கூறும். பொன்னுக்கு உரைகல் உண்டு. அகீக் எனும் சூதுபவளத்திற்கோ, பொறுமையுடன் தீட்டித் துளையிடும் கைகளே மதிப்பைத் தந்தன.

கொங்கு நாட்டுக் கொடுமணல் அகழாய்வில் முற்றுப்பெறாத சூதுபவள மணிகளும் கிடைத்தமை, அங்கே பட்டறைகள் இருந்தமைக்குச் சான்றாகும். அதற்கும் ஈராயிரம் ஆண்டுகள் முன்னரே, சிந்துவெளி மணிகள் ஈராக்கின் ‘ஊர்’ என்னும் பண்டைய நகரின் அரச கல்லறைகளை அடைந்திருந்தன.

குஜராத்தின் கம்பாத்தில் அகீக் தொழிலாளர், ரத்தன்பூரில் அடங்கியுள்ள பாவா கோர் அவர்களைத் தம் தொழிலின் காவலராகப் போற்றி வந்துள்ளனர். அத்தொழிலாளர் பலரின் நுரையீரலைக் கல்தூசி இன்றும் அரிக்கின்றது. உழைத்தவனின் கூலியைத் தாமதியாது வழங்கப் பணித்த மார்க்கத்தினர் நாம். அகீக் மோதிரம் அணிகையில், அதைத் தீட்டியவரின் மூச்சையும் நினைப்போமாக!