ஹேவல்ஸ் இந்தியா

ஹேவல்ஸ் இந்தியா என்பது சுவிட்சுகள், மின்சுற்று முறிப்பான்கள், மின்கம்பிகள், மின்விசிறிகள் முதலியவற்றைத் தயாரிக்கும் இந்திய நிறுவனமாகும். இதன் தலைமையகம் நொய்டாவில் உள்ளது.

வரலாறு

பஞ்சாபின் மலேர்கோட்லாவில் பிறந்த கீமத் ராய் குப்தா, 1958-இல் தில்லியின் பகீரத் பேலஸ் சந்தையில் மின்பொருள் வணிகத்தைத் தொடங்கினார். ஹேவல்ஸ் என்பது ஹவேலி ராம் காந்தி என்பவரின் பெயரிலிருந்து உருவான வணிகப் பெயராகும். பிறர் பொருள்களை விற்பதைவிடச் சொந்த வணிகப் பெயரே நிலைக்கும் எனக் கருதிய குப்தா, 1971-இல் அதனைச் சுமார் 7 இலட்சம் ரூபாய்க்கு வாங்கினார். பின்னர் உற்பத்தியிலும் இறங்கினார்.

சில்வேனியா

2007-இல் ஹேவல்ஸ், தன்னைவிடப் பெரிய ஐரோப்பிய விளக்கு நிறுவனமான சில்வேனியாவை வாங்கியது. 2008-ஆம் ஆண்டின் உலகப் பொருளாதார நெருக்கடியால் அது பெரும் இழப்பைச் சந்தித்தது. சீரமைப்புக்குப் பின் இழப்பிலிருந்து மீண்டது. 2015-இல் அதன் 80% பங்குகளைச் சீன நிறுவனம் ஒன்றுக்கு விற்க உடன்பாடு ஏற்பட்டது.

குடும்ப நிருவாகம்

2014-இல் குப்தா மறைந்தபின் அவருடைய மகன் அனில் ராய் குப்தா தலைவரானார்.