கடலில்லாத ஊரும் கரையொதுங்கிய கப்பலும்

கண்டி வாவிக்கரையில் நிற்கும்போதெல்லாம் எனக்கு ஒரு விசித்திரமான எண்ணம் தோன்றும். மலைகள் சூழ்ந்த இந்த நகரத்துக்குக் கடல் இல்லை, துறைமுகம் இல்லை. ஆனால் இதன் தலைவிதியைத் தீர்மானித்ததில் பாய்மரக் கப்பல்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அதிலும் பாய்விரித்து ஓடிய கப்பல்களைவிட, ஓடமுடியாத பருவத்தில் ஒதுங்க இடம் தேடிய கப்பல்களுக்கே பங்கு அதிகம்.

பத்திரிகைப் பணி நிமித்தம் திருகோணமலைக்குச் சென்ற நாட்களில், வாடைக்காற்று தொடங்கியதும் வள்ளங்களைக் கரையேற்றுவதைப் பார்த்திருக்கிறேன். உருளைக்கட்டைகளின் மேல் வைத்து, பலர் சேர்ந்து ஒரே குரலில் இழுப்பார்கள். பிறகு அடிப்பாகத்தில் ஒட்டிய பாசியையும் கொட்டலசையும் சுரண்டுவார்கள். பலகை இடுக்குகளில் பஞ்சு திணித்து, குங்கிலியமும் எண்ணெயும் பூசிக் கலப்பத்துப் பார்ப்பார்கள். பாயை வெயிலில் நன்றாக உலர்த்தியே மடிப்பார்கள். ஈரம் இருந்தால் அடுத்த பருவத்துக்குள் உளுத்துவிடும். இன்று உல்லாசப் பாய்ப்படகு வைத்திருப்போர் பளுதூக்கி கொண்டு படகைக் கரையேற்றிச் செய்வதும் ஏறக்குறைய இதே வேலைதான்.

வள்ளத்தை இழுத்துவிடலாம். நூற்றுக்கணக்கான தொன் எடையுள்ள கப்பலை என்ன செய்வது? அதற்கு அமைதியான குடா வேண்டும். மரம் வெட்டக் காடு வேண்டும். குடிக்க நன்னீர் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தக் கரையை ஆள்பவனின் அனுமதி வேண்டும். சோழமண்டலக் கரையில் ஐரோப்பியர் பட்ட பாடு இதுதான். சென்னையில் அக்காலத்தில் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நின்றன. ஐப்பசி, கார்த்திகைப் புயலில் அகப்பட்டால் தப்புவது அரிது.

1659 நவம்பர் 19ஆம் திகதி மசூலிப்பட்டினத்தில் அப்படியொரு புயலில் சிக்கியது 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல். அதன் பெரிய பாய்மரம் போயிற்று. புதிய மரம் பொருத்தவும், அந்த இடைவேளையில் சிறிது வணிகம் செய்யவும், கப்பலைக் கொட்டியாரக் குடாவுக்குக் கொண்டுசெல்லுமாறு உத்தரவு வந்தது. பரங்கிப்பேட்டை வணிகர் சிலரையும் ஏற்றிக்கொண்டு, இன்றைய மூதூருக்கு அருகே கப்பல் வந்து சேர்ந்தது. அக்குடா அப்போது கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆதிக்கத்தில் இருந்தது.

முறைப்படி அரசனுக்குக் கடிதமும் காணிக்கையும் அனுப்பாததே வினையாயிற்று என்பது பின்னாளில் அவர்களுடைய ஊகம். 1660 ஏப்ரலில் அரசனின் திசாவை படையுடன் வந்து, கரையிறங்கிய கப்டன் ரொபர்ட் நொக்ஸைப் பிடித்தார். மரம் வெட்டச் சென்றவர்களும் அகப்பட்டனர். மொத்தம் பதினாறு பேர்.

கப்டனின் மகன் பெயரும் ரொபர்ட், வயது பத்தொன்பது. கப்பலைக் கரைக்குக் கொண்டுவரும்படி சொல்ல அவனை அனுப்புவதாகத் திசாவையிடம் கூறிய தந்தை, கப்பலை எக்காரணம் கொண்டும் ஒப்படைக்க வேண்டாம் என்று இரகசியமாகச் சொல்லியனுப்பினார். கூடவே, நீ மட்டும் என்னிடம் திரும்பி வந்துவிடு என்றும் கட்டளையிட்டார். மகன் கப்பலேறினான், செய்தியைச் சொன்னான், சொன்ன சொல் தவறாமல் சிறைக்குத் திரும்பினான். பின்னர் கப்பல் அவர்களை விட்டுவிட்டுப் போய்விட்டது.

1661 பெப்ரவரியில் தந்தை காய்ச்சலில் இறந்தார். மகனைத் திரும்பி வரச்சொன்னதே சாகும்வரை அவர் மனதை அரித்தது. ஊரார் பிணத்தைத் தொட மறுத்தனர். நோயில் மெலிந்திருந்த மகனும், தந்தையின் பணிக்கெனப் பரங்கிப்பேட்டையிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு சிறுவனும்தான் அடக்கம் செய்தார்கள். நொக்ஸின் புகழ்பெற்ற நூலில் அச்சிறுவன் 'கறுத்தப் பையன்' மட்டுமே. நம் கரையிலிருந்து போன அந்தப் பிள்ளைக்குப் பெயர்கூட எழுதப்படவில்லை.

இளைய நொக்ஸ் தொப்பி பின்னியும், நெல் கடன் கொடுத்தும், ஊர் ஊராகப் பொருள் விற்றும் காலம் தள்ளினார். கண்டிக்குத் தெற்கே எலதெத்தவில் வீடும் கட்டிக்கொண்டார். 1679இல் தோழர் ஒருவருடன் அநுராதபுரம் வழியாக, அருவியாற்றைப் பின்பற்றி நடந்து, ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையை அடைந்தார். ஒரு பாய்மரத்தை மாற்ற வந்த பயணம் பத்தொன்பதரை ஆண்டுகளை விழுங்கியது. 1681இல் இலண்டனில் வெளிவந்த அவருடைய நூல், அக்காலக் கண்டி இராச்சியத்தை அறிய நமக்குள்ள முதன்மையான சான்றுகளுள் ஒன்று.

கப்பல்களுக்குப் புகலிடம் தேடும் படலம் அத்துடன் முடியவில்லை. 1762இல் சென்னையிலிருந்து பைபஸ் என்பவர் திருகோணமலையில் இறங்கிக் கண்டிக்குத் தூது சென்றார். 1766 உடன்படிக்கை, தீவின் கடற்கரை முழுவதையும் ஒல்லாந்தருக்கு ஆக்கிக் கண்டியை மலைக்குள் அடைத்தது. 1782 ஜனவரியில் திருகோணமலையைப் பிடித்த ஆங்கிலேயரிடமிருந்து ஓகஸ்ட் முடிவில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரன் அதைக் கைப்பற்றினார். அந்த மாரியில் ஆங்கிலக் கடற்படை பழுதுபார்க்கப் பம்பாய்வரை ஓடவேண்டியதாயிற்று. அந்தப் பாடத்தை அவர்கள் மறக்கவில்லை. 1795இல் திருகோணமலை, 1796இல் கொழும்பு, 1815இல் கண்டி.

இந்த வாவியைக் கட்டுவித்த ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் 1816இல் கொழும்பில் கப்பலேற்றப்பட்டு, வேலூர்க் கோட்டையில் 1832இல் மறைந்தான். கடலில்லாத ஊரின் கடைசி மன்னன், கடல் கடந்து சென்று அந்நியக் காவலில் முடிந்தான்.

மன்னனின் கதைக்கு ஏடுகள் உண்டு. நொக்ஸ் தம் கதையைத் தாமே எழுதினார். வாவிக்கரையில் நிற்கும்போது நான் நினைத்துக்கொள்வது, இன்னொருவரின் தந்தைக்காக முன்பின் அறியாத மண்ணில் குழி தோண்டிய அந்தப் பரங்கிப்பேட்டைச் சிறுவனைத்தான்.