அவுரி நீலம்

அவுரி நீலம் என்பது அவுரிச் செடியின் இலையிலிருந்து எடுக்கப்படும் கருநீல நிறப்பொருள். துணிச்சாயமாகவே பெரிதும் அறியப்பட்டாலும், பிசினில் குழைத்த நீர்வண்ணமாக ஓவியர்களுக்கும் நெடுங்காலம் பயன்பட்டு வருகிறது. நீலி என்றும் அழைக்கப்படும் அவுரி அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது, தழையுரமாகவும் பயிரிடப்படுகிறது.

இலையிலிருந்து கட்டி வரை

இலையில் நீலம் இல்லை. இண்டிகன் என்ற நிறமற்ற பொருள்தான் இருக்கிறது. அறுத்த செடியைத் தொட்டி நீரில் போட்டு, மிதக்காதபடி கட்டைகளால் அழுத்தி ஊறவைப்பார்கள். புளிக்கையில் இண்டிகன் சிதைந்து நீரில் இறங்கும். மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும் அந்நீரை அடுத்த தொட்டிக்கு வடித்து, ஆட்கள் உள்ளே இறங்கிக் காலால் உதைத்துக் கலக்குவார்கள். காற்றுப் படப்பட நுரை நீலமாகும். நீலத்துகள் அடியில் வண்டலாகப் படியும். அதைக் காய்ச்சி, துணியில் வடித்து, அழுத்தி, துண்டு போட்டு உலர்த்தினால் நீலக்கட்டி. நல்ல கட்டியை நகத்தால் தேய்த்தால் செம்பு போல மினுங்கும்.

வரலாறு

காவியும் சுண்ணாம்பும் மண்ணிலேயே கிடைப்பவை. கிருஷ்ணகிரி மாவட்டம் மல்லப்பாடிப் பாறை ஓவியங்கள் வெள்ளை நிறத்தில் தீட்டப்பட்டவை. நீலத்தை இங்கே அப்படி எளிதில் தோண்டி எடுத்துவிட முடியாது. அஜந்தா ஓவியர்களுக்கு லாபிஸ் லாசுலி என்ற நீலநிறக் கல் ஆப்கானிஸ்தானத்திலிருந்து வர வேண்டியிருந்தது. அவுரி நம் வயலிலேயே விளைந்தது. கிரேக்கர் இதை 'இந்தியப் பொருள்' என்ற பொருளில் இண்டிகான் என்றனர். இண்டிகோ என்ற சொல் அதன் வழிவந்தது.

சோழமண்டலக் கரையில் காய்ந்த இலையிலிருந்தும் நீலம் எடுத்தனர். 19ஆம் நூற்றாண்டில் கடப்பையும் தென்னார்க்காடும் சென்னை மாகாணத்தின் முக்கிய அவுரி மாவட்டங்கள். 1897இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப் (BASF) நிறுவனம் செயற்கை நீலத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது, சாகுபடி சரிந்தது. திண்டிவனம் வட்டாரத்தில் இன்றும் தொட்டிகளில் நீலம் எடுக்கப்படுகிறது.

நீர்வண்ணமாக

முகலாய, ராஜஸ்தானி சிற்றோவியங்களில் பிசினோடு சேர்ந்த அவுரி நீலம் வழக்கமான வண்ணம். தமிழகத்தில், 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் தஞ்சாவூர் ஓவியர்கள் ஆங்கிலேயருக்காகக் காகிதத்தில் நீர்வண்ணப் படத்தொகுப்புகள் தீட்டினர். திருச்சி அப்ரகத் தகட்டு ஓவியங்களுக்குப் பேர்போனது. அக்காலத்தில்தான் லண்டனில் வில்லை வண்ணம் கடைச்சரக்கானது. அதற்காக ரீவ்ஸ் நிறுவனத்தை 1781இல் அங்குள்ள கலைச் சங்கம் பாராட்டியது.

கையால் செய்யும் முறை எளிது, ஆனால் பொறுமை வேண்டும். நீலக்கட்டியை மாவாக நுணுக்க வேண்டும். தூள் நீரில் நனையாமல் மிதக்கும். சில சொட்டு சாராயம் விட்டால் இறங்கும். பிறகு கருவேல இனப் பிசினின் கரைசலும், வெடிக்காமலிருக்கச் சிறிது தேனும், பூசணம் பிடிக்காமலிருக்கக் கிராம்பு எண்ணெயும் சேர்த்து, கண்ணாடிப் பலகையில் கண்ணாடிக் குழவியால் நெருநெருப்பு அடங்கும்வரை அரைத்துச் சிறு கிண்ணங்களில் ஊற்றி உலர்த்துவார்கள். அடர்த்தியாகப் பூசினால் ஏறக்குறைய கறுப்பு. நீர் கூட்டினால் சாம்பல் சாயலுள்ள மழைமேக நீலம்.

நிலைத்தன்மை

ஒளியில் வெளுப்பது இதன் குறை. இண்டிகோ என்ற பெயரில் விற்கும் குழாய் வண்ணங்களில் பெரும்பாலானவை வேறு நீலங்களோடு கறுப்பைக் கலந்தவை. அவற்றில் அவுரி இல்லை. அவுரி நீலத்தால் தீட்டிய படங்களில், படத்தொகுப்புக்குள் மூடிக் கிடந்தவை நிறம் காக்கின்றன; வெயில் படும் சுவரில் தொங்கியவை மங்கிவிடுகின்றன.