காண்டாமிருகம்: உயிரியல் பூங்காக்களில் இனப்பெருக்கம்

இந்தியாவில் காண்டாமிருகங்களைப் பூங்காவில் இனப்பெருக்கம் செய்விக்கும் முயற்சியில் முன்னிற்பது பாட்னாவின் சஞ்சய் காந்தி உயிரியல் பூங்கா. 1979இல் அசாமிலிருந்து வந்த ஒற்றைக்கொம்புக் காண்டாமிருக இணையோடு அம்முயற்சி தொடங்கியது. அங்கே பிறந்த குட்டிகள் பிற பூங்காக்களுக்கும் சென்றன.

ஆப்பிரிக்கக் கறுப்புக் காண்டாமிருகத்தை வளர்ப்பது இன்னும் கடினம். அது புல்லைவிடத் தழையையும் சுள்ளியையுமே நாடும். கூரிய மேலுதட்டால் பற்றி ஒடித்துத் தின்னும். பூங்காத் தீவனத்திலுள்ள இரும்பு அதன் உடலில் மிகையாகத் தேங்கி ஈரலைக் கெடுக்கக்கூடும். சினைக்காலம் ஏறத்தாழ 15 மாதம்; ஈற்றுக்கு ஒரே குட்டி. 1970இல் சுமார் 65,000 இருந்தவை, கொம்புக்கான கொடிய வேட்டையால் 1995க்குள் 2,500க்கும் கீழே சரிந்தன. எனவே பூங்காவில் பிறக்கும் ஒவ்வொரு குட்டியும் அரிய செல்வம். 2019இல் ஐரோப்பியப் பூங்காக்களிலிருந்து ஐந்து கறுப்புக் காண்டாமிருகங்கள் ருவாண்டாவின் அகாகேரா தேசியப் பூங்காவுக்கு அனுப்பப்பட்டன.