சட்டைப்பையில் ஒரு தைலப் போத்தல்

'அரோமாதெரபி' எண்ட சொல்லுக்கு இன்னும் நூறு வயசு ஆகவில்லை. பிரான்சின் லியோன் நகரத்து வேதியியலாளர் ரெனே-மோரிஸ் கத்தஃபோசே 1937-இல் அந்தப் பெயரில் ஒரு புத்தகம் வெளியிட்டார். இன்றைக்கு அலுவலக மேசைகளில் லவெண்டர் ஆவி விடுகிற சின்னக் கருவி இருக்கு. வேலை அழுத்தம் குறையும், மனசு அமைதியாகும் எண்டு விளம்பரம் சொல்லுது. ஆனால் வேலை செய்து களைத்த உடம்பு வாசனையைத் தேடிப் போன கதை இதைவிடப் பழசு. அந்தக் கதையைச் சொல்ல திருகோணமலை நல்ல இடம். ஏனெண்டால் அதில் வருகிற முக்கால்வாசிப் பொருள் கடல் கடந்து வந்தது.

முதலில் கற்பூரத்தை எடுப்போம். நாங்கள் இன்றைக்குக் கோயிலில் கொளுத்துகிற சூடம் வேறு, பச்சைக் கற்பூரம் வேறு. பச்சைக் கற்பூரம் சுமாத்திராவிலும் போர்னியோவிலும் வளர்கிற ஒரு பெருமரத்தின் தண்டுக்குள் உறைந்து கிடப்பது. சுமாத்திராவின் மேற்குக் கரையில் பாரூஸ் எண்ட துறை அதற்குப் பேர்போனது. அங்கே 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கு. 'திசையாயிரத்து ஐந்நூற்றுவர்' எண்ட வணிகக் குழு நட்ட கல் அது. அதே ஐந்நூற்றுவரின் கல்வெட்டுகள் இலங்கையிலும் இருக்கு, திருகோணமலைக்கு வடமேற்கே இருக்கிற பதவியா உட்பட. கோகர்ணம் எண்டு பழைய நூல்கள் சொல்லுகிற எங்கள் துறைமுகம் இந்த வங்கக்கடல் வணிகத்தின் வழியிலேயே இருந்தது.

சாம்பிராணியும் அந்தப் பக்கத்துப் பிசின்தான். அரபு வணிகர்கள் அதை 'லுபான் ஜாவி', அதாவது ஜாவாக் குங்கிலியம் எண்டு சொன்னார்கள். அந்தப் பெயர் வாய்க்கு வாய் திரிந்துதான் ஐரோப்பாவில் 'பென்சாயின்' ஆனது.

அந்தக் காலத்தில் இதெல்லாம் விலை கூடிய சரக்கு. கோயிலுக்கும் அரண்மனைக்கும் போனது. கப்பலில் இருந்து மூட்டையை இறக்கியவர் அந்த வாசனையைத் தோளில் சுமந்திருப்பார், தனக்கெண்டு வாங்கியிருக்க மாட்டார் எண்டுதான் நாங்கள் நினைக்கிறம். அவருக்குத் தலையிடி வந்தால் வீட்டில் நொச்சி இலை போட்டு வேது பிடிப்பதுதான் வைத்தியம். அது இண்டைக்கும் எங்கள் வீடுகளில் இருக்கு.

19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்த நிலைமை மாறியது. ஜப்பான் புதினாவில் இருந்து மென்தோலைப் பெருமளவில் எடுத்து ஏற்றுமதி செய்தது. தாய்வானைப் பிடித்த பிறகு, 1899-இல், அங்கத்தைக் கற்பூரத்தைத் தன் அரச ஏகபோகமாக்கியது. நீலகிரியில் விறகுக்காக நட்ட யூக்கலிப்டஸ் மரத்தின் இலையில் இருந்து தைலம் வடித்தார்கள். தசைவலிக்குப் பூசுகிற மெதில் சாலிசிலேட்டை ஆய்வுகூடத்திலேயே செய்யப் பழகினார்கள். ராசாவுக்குப் போன வாசனை சின்னப் போத்தலில் அடைபட்டுக் கூலிக்காரரின் கைக்கு எட்டியது.

அந்தப் போத்தல்கள் எந்த ஊர்களில் பிறந்தன எண்டு பாருங்கோ. டைகர் பாம் ரங்கூனில் ஆவ் சூ கின் எண்டவரின் மருந்துக்கடையில் தொடங்கி, அவருடைய மகன்மாரோடு 1926-இல் சிங்கப்பூருக்குப் போனது. அமிர்தாஞ்சனை காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893-இல் பம்பாயில் தொடங்கினார். 1914-இல் அது சென்னைக்கு வந்தது. எங்கள் ஆக்கள் கோடாலித் தைலம் எண்டு சொல்லுகிறது 1928-இல் சிங்கப்பூரில் தொடங்கியது. ரங்கூன், பம்பாய், சிங்கப்பூர், சென்னை. நாலும் துறைமுகம். நாலும் ஊர் விட்டு வந்த ஆக்கள் சுமை தூக்கி, ரிக்சா இழுத்து, கணக்கெழுதிப் பிழைத்த நகரம். இது தற்செயல் எண்டு எங்களுக்குத் தோன்றவில்லை. களைத்த உடம்புகள் கூட்டமாக இருந்த இடத்தில்தான் தைலத்துக்குச் சந்தை இருந்தது.

திருகோணமலையும் அப்படி ஒரு இடம். பிரித்தானியர் கடற்படைக்காக இங்கே எண்ணெய்த் தாங்கிகள் கட்டினார்கள். 1942 ஏப்ரல் 9-இல் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டன. 1957 அக்டோபரில் கடற்படைத் தளம் இலங்கையிடம் வந்தது. துறைமுகக் கூலி, மீன்பிடி, பிறகு சீனக்குடாவின் மாவாலை, சீமெந்து ஆலை எண்டு வேலை மாறிக்கொண்டே வந்தது. உடம்பு நோவு மாறவில்லை. கிண்ணியாவில் இருந்தும் மூதூரில் இருந்தும் மத்திய கிழக்குக்குப் போறவர்கள் திரும்பி வரும்போது பெட்டிக்குள்ள என்ன இருக்கும் எண்டு உங்களுக்குத் தெரியும்: சவர்க்காரம், பால்மா, ஒரு டசின் கோடாலித் தைலம். அயலுக்குக் கொடுக்கிற முதல் சாமான் அதுதான்.

சரி, இந்தத் தைலம் உண்மையில் என்ன செய்யுது? எங்கள் தோலிலும் மூக்கிலும் குளிரை உணருகிற நரம்பு முனைகள் இருக்கு. மென்தோல் அந்த முனைகளைத் தூண்டும். அதை உணருகிற புரதத்தை 2002-இல் கண்டுபிடித்தார்கள். அந்த வழி ஆய்வுகளுக்கு 2021-இல் நோபல் பரிசும் கிடைத்தது. குளிர்ந்த மாதிரி இருக்கும், ஆனால் தோலின் சூடு குறைவது இல்லை. மூக்குத் திறந்த மாதிரி இருக்கும், ஆனால் உள்ளே போகிற காற்றின் அளவு கூடுவதில்லை. ஆறுதல் பொய் இல்லை, உணருகிறம்தானே. நோவின் காரணம் மட்டும் இருந்த இடத்தில் இருக்கும்.

இந்த வித்தியாசம் வேலைத்தலத்தில் முக்கியம். இலங்கையில் கடை, அலுவலக ஊழியருக்கான 1954-ஆம் ஆண்டுச் சட்டம் நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம் எண்டு வேலை நேரத்தை வரையறுத்தது. கடலுக்குப் போறவருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அவருக்குத் தைலப் போத்தல் மட்டும் கிடைத்தது. இப்ப சட்டம் இருக்கிற அலுவலகத்திலும் இரவு பத்து மணிக்கு வட்ஸ்அப்பில் வேலை வருது. மேசையில் லவெண்டரும் மணக்குது.

வாசனையை விடச் சொல்லி நாங்கள் சொல்லவில்லை. நெற்றியில் ஒரு துளி பூசி ஐந்து நிமிசம் கண்ணை மூடுகிறது நல்லதுதான். கைக்குழந்தைகளுக்குக் கற்பூரத் தைலமும் மென்தோலும் பூசாதீங்கோ, எதையும் குடிக்காதீங்கோ, ஆஸ்துமா இருக்கிறவருக்குப் பக்கத்தில் ஆவி விடாதீங்கோ. ஆனால் உங்கள் வேலைத்தலத்தில் மன அமைதிக்கெண்டு வாசனைக் கருவி வாங்கித் தந்தால், நன்றி சொல்லிவிட்டு அடுத்த கேள்வியையும் கேளுங்கோ: இடைவேளை எத்தனை நிமிசம், வீட்டுக்குப் போகிற நேரம் எத்தனை மணி?